பேரீச்சம்பழத்துக்குப் போகாத வண்டி

தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1914-ஆம் வருட தீயணைப்பு எஞ்சின் பிழைத்தது அதிர்ஷ்டத்தால். ஊருக்கு உழைத்த மற்ற வண்டிகளுக்கு அதிர்ஷ்டமும் இல்லை, சட்டத்தின் துணையும் இல்லை.

தில்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் குழந்தைகள் பொம்மை ரயிலை நோக்கி ஓடுகிறார்கள். பெரியவர்களுக்கு ராஜாக்களின் ரயில் பெட்டிகள் மீதுதான் கண். வேல்ஸ் இளவரசருக்காக 1875-ல் கட்டியது, மைசூர் மகாராஜாவுக்காக 1899-ல் கட்டியது என்று ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க நிறையவே இருக்கிறது. 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் சொத்துகளில் ரயிலே அல்லாத ஒன்றும் உண்டு. தண்டவாளத்தில் ஒருநாளும் ஓடாத சிவப்பு வண்டி அது. பித்தளை மணி, முதுகில் ஏணி, காற்றே அடைக்கத் தேவையில்லாத கெட்டி ரப்பர் டயர்கள். கூரை கிடையாது. 1914-ல் செய்யப்பட்ட ஜான் மோரிஸ் தீயணைப்பு எஞ்சின்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டு என்ற ஊரில் தீயணைப்புக் கருவிகள் செய்துவந்த நிறுவனம் ஜான் மோரிஸ் அண்ட் சன்ஸ். வண்டியின் அடிச்சட்டம் மான்செஸ்டரைச் சேர்ந்த பெல்சைஸ் கார் கம்பெனியுடையது. அந்தக் கார் கம்பெனி 1920-களின் நடுவில் மூடப்பட்டுவிட்டது. கம்பெனியை மறந்துவிட்ட உலகில் அதன் பெயரைத் தாங்கிக்கொண்டு இந்த வண்டி மட்டும் நிற்கிறது. இதே ரகத்தில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு என்று சொல்லப்படுகிறது. மற்றொன்று இங்கிலாந்தில் இருக்கிறது.

இதை விலைக்கு வாங்கியது ஹைதராபாத் நிஜாமின் ரயில்வே. ரயில் கம்பெனிக்கு எதற்குத் தீயணைப்பு எஞ்சின் என்று இன்று தோன்றலாம். அந்தக் காலத்து ரயில்வேயை நினைத்துப் பார்த்தால் புரியும். பெட்டிகளெல்லாம் மரம். பணிமனையில் மலைபோல நிலக்கரி, பீப்பாய் பீப்பாயாக எண்ணெய், வார்னிஷ், இருக்கைகளுக்கு அடைக்கும் பஞ்சு. இவற்றுக்கு நடுவே தீப்பொறியைக் கக்கிக்கொண்டு போய்வரும் நீராவி எஞ்சின்கள். எந்த நேரத்திலும் பற்றிக்கொள்ளக்கூடிய இடம். ஊர்த் தீயணைப்புப் படையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எஞ்சின் என்ற சொல்லுக்கே இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தீயணைப்பு வண்டி என்றாலே வயிறு நிறையத் தண்ணீரோடு வருவது என்று இன்று நினைக்கிறோம். இந்தத் தலைமுறை வண்டிகள் அப்படியல்ல. அடிப்படையில் அவை சக்கரம் வைத்த பம்புகள். தீப்பிடித்த இடத்துக்கு ஓட்டிப் போகும் அதே எஞ்சின், போய் நின்றதும் சக்கரங்களை விட்டுவிட்டு பம்பைச் சுழற்றத் தொடங்கும். கிணறோ குளமோ ஆறோ தெருக்குழாயோ, தண்ணீரை அங்கேதான் தேடிக்கொள்ள வேண்டும். வீரர்களுக்கு உள்ளே இடம் இல்லை, ஏனென்றால் உள்ளே என்று ஒன்றே இல்லை. பக்கவாட்டுப் பலகைகளில் வெளிப்புறம் பார்த்து உட்கார்ந்துகொண்டோ தொற்றிக்கொண்டோ போக வேண்டும். திருப்பத்தில் பிடி நழுவினால் தெருவில்தான் விழ வேண்டும். சைரன் கிடையாது, ஒருவர் கையால் மணியை அடித்துக்கொண்டே வர வேண்டும். மழையிலும் வெயிலிலும் இப்படித்தான். இந்த வண்டிகளை வெறும் பழைய இரும்பாகப் பார்க்க முடியாமல் போவது இந்தப் பலகைகளால்தான். மனிதர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வண்டியிலேயே தெரிகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இது ஓடாமல் இருந்துவிடவில்லை. ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964 முதல் தில்லியில் நடத்திவரும் பழைய கார்களின் அணிவகுப்பில் பலமுறை ஓடிப் பரிசுகளும் வாங்கியிருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ்களுக்கும் மகாராஜாக்களின் கார்களுக்கும் நடுவில் மணியடித்துக்கொண்டு ஒரு உழைப்பாளி வண்டி போவதைப் பார்க்க தெருவோரக் கூட்டத்துக்கு எப்போதுமே பிடிக்கும். ஓட வைப்பது சாதாரண விஷயமல்ல. இதற்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது. தேய்ந்த பல்சக்கரம் என்றால் புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும். கெட்டி டயர் என்றால் வார்த்துத்தான் ஒட்ட வேண்டும். ரயில்வேயிடம் பணிமனைகளும் கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளர்களும் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. நகராட்சி ஒன்றின் கையில் இருந்திருந்தால் இதன் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

முடிந்துபோன கதைகளுக்குப் பஞ்சமில்லை. பம்பாயை எடுத்துக்கொள்ளலாம். அங்கு 1865-ல் போலீஸ் கமிஷனரின் பொறுப்பில், குதிரை இழுக்கும் வண்டிகளோடு முறையான தீயணைப்புப் படை தொடங்கியது. 1888-ஆம் வருடச் சட்டத்தால் அது மாநகராட்சிக்கு வந்தது. 1907-ல் முதல் மோட்டார் எஞ்சின் வந்தது. அதாவது நிஜாமின் ரயில்வே வாங்குவதற்கு 7 வருடங்கள் முன்பே. அடுத்த சில வருடங்களில் குதிரைகள் லாயத்தை விட்டுப் போயின.

அந்த நகரத்தின் தீயணைப்பு வண்டிகள் சந்தித்த மிக மோசமான நாள் 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கூடவே பஞ்சுப் பொதிகள், எண்ணெய், மரம், தங்கக் கட்டிகள். இதையெல்லாம் ஒரே கப்பலில் ஏற்றியவர்களை என்ன சொல்வது? போர்க்காலம், கப்பல் பற்றாக்குறை என்று அதற்கும் காரணம் சொல்லப்பட்டது. பகல் உணவு நேரம் முடிந்த பிறகு புகை கண்ணில் பட்டது. தீயணைப்பு வண்டிகள் வந்தன. கப்பலுக்குள் 900 டன்னுக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீயின் மூலம் எங்கே என்று தெரியவில்லை. கப்பலைச் சுற்றிக் கடல் நீரே கொதித்தது. மாலை 4.06-க்கு முதல் வெடிப்பு. அரைமணி நேரத்துக்குள் இரண்டாவது. சுமார் 1,700 கிலோமீட்டர் தள்ளி, சிம்லாவில் இருந்த பூகம்ப மானி அதைப் பதிவு செய்தது. இறந்தவர்கள் 800 பேர் என்கிறது ஒரு கணக்கு, 1,300 பேர் என்கிறது இன்னொன்று. தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர். இன்றும் நாடு முழுவதும் தீயணைப்புச் சேவை வாரம் ஏப்ரல் 14 அன்று தொடங்குவது அவர்களுக்காகத்தான்.

அன்று கப்பலுக்குப் பக்கத்தில் போய் நின்ற வண்டிகள் எந்த அருங்காட்சியகத்துக்கும் வர வாய்ப்பில்லை. காட்சிக்கு வருபவை திரும்பி வந்த வண்டிகள்தான். பளபளவென்று தேய்த்த பித்தளையைப் பார்க்கிறவர்களுக்கு இது நினைவில் இருப்பதில்லை. நியூயார்க்கில் மட்டும் வேறு விதமாக முடிவெடுத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்களுக்குப் போன மூன்றாம் எண் ஏணி வண்டியை, முன்பகுதி நசுங்கிப்போன நிலையிலேயே, 2011-ல் கிரேனில் தூக்கிப் பூமிக்கடியில் கட்டப்பட்டுவந்த நினைவு அருங்காட்சியகத்துக்குள் இறக்கினார்கள். அந்தக் குழுவில் 11 பேர் திரும்பவில்லை. பெயின்ட் அடிக்கவில்லை, நிமிர்த்தவில்லை. அங்கே போகிறவர்களுக்கு விளக்கப் பலகையைப் படிக்க வேண்டிய தேவையே இருக்காது.

நம்மூரில் ஒரு வண்டி தப்பிப் பிழைக்க வேண்டுமானால் அதை யாராவது மறந்துபோக வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் அதே தில்லி அருங்காட்சியகத்தில் இருக்கும் பாட்டியாலா மோனோ ரயில். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் இன்னொரு பெரிய சக்கரம் ரோட்டிலுமாக, 1907 முதல் 1927 வரை பஞ்சாபில் சரக்கையும் ஜனங்களையும் சுமந்த விசித்திரம். மகாராஜாவின் கோவேறு கழுதைகள் சும்மா நிற்கின்றனவே, அவற்றுக்கு வேலை கொடுக்கலாம் என்பதுதான் திட்டத்தின் தொடக்கம். பிறகே ஜெர்மன் நீராவி எஞ்சின்கள் வந்தன. பஸ்களும் கார்களும் பெருகியதும் இழுத்து மூடிவிட்டார்கள். எஞ்சின்கள் பாட்டியாலா பொதுப்பணித் துறையின் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. 1962-ல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேய ரயில் பிரியர் அவற்றைக் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் ரயில்வே பணிமனையில் பழுது பார்த்து ஓட வைத்தார்கள். பொதுப்பணித் துறை அதிகாரி ஒருவர் அந்த 35 வருடங்களில் என்றைக்காவது சுறுசுறுப்பாகக் கொட்டகையைக் காலி செய்திருந்தால், உலகில் வேறெங்கும் இல்லாத அந்த எஞ்சின் காயலான் கடைக்குப் போயிருக்கும். சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய அபூர்வ சந்தர்ப்பம்.

சுறுசுறுப்பாக இருந்த நகரமும் உண்டு. பம்பாயில் 1907-ல் தொடங்கிய மின்சார ட்ராம்கள் 1964 மார்ச் 31 அன்று கடைசியாக ஓடின. பிறகு பெட்டிகளை விற்றுத் தீர்த்தார்கள், தண்டவாளங்களைத் தாரால் மூடினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, ட்ராம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை மாநகரத்துக்கு வந்தது. காட்ட ஒன்றும் இல்லை. சத்ரபதி சிவாஜி முனையத்துக்கு எதிரே பாட்டியா பாகில் இப்போது நிற்பது கொல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த ட்ராம் பெட்டி! அது பம்பாய்த் தெருக்களைப் பார்த்ததே இல்லை. அதே ஊரில் 1937-ல் அறிமுகமான இரட்டை மாடி பஸ்களின் பழைய டீசல் வரிசை 2023 செப்டம்பர் 15 அன்று விடைபெற்றபோது, ஒன்றிரண்டையாவது அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று பயணிகள் கேட்க வேண்டியிருந்தது. மாலை போட்டு, பலூன் கட்டி வழியனுப்பத் தெரிகிறது. எங்கே அனுப்புகிறோம் என்றுதான் யோசிப்பதில்லை.

இதுவரை நடந்ததெல்லாம் அலட்சியம். 2023-லிருந்து நடப்பது சட்டப்படியான கட்டாயம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட அறிவிக்கை, மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் 15 வருடங்களைக் கடந்த வண்டிகளின் பதிவு ஏப்ரல் 1 முதல் ரத்து என்று சொல்லிவிட்டது. தெருவிலிருந்து அகலப்போகும் அரசு வண்டிகள் 9 லட்சத்துக்கும் மேல் என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். நோக்கத்தில் குற்றம் இல்லை. கரும்புகை கக்கும் பஸ்ஸும் பிரேக் பிடிக்காத குப்பை லாரியும் ஊருக்கு ஆபத்து. பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு தீயணைக்கப் போகச் சொல்வது வீரர்களின் உயிரோடு விளையாடுவது. அவை சாலையை விட்டுப் போக வேண்டியவைதான்.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. இந்த வண்டிகளை என்ன செய்வது என்பதையும் அந்த விதியே சொல்கிறது: பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய பணிகளில் இருக்கும் சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. தீயணைப்பு எஞ்சின், ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி, கழிவுநீர் உறிஞ்சும் வண்டி, அமரர் ஊர்தி இவை எதற்கும் விலக்கு இல்லை. காட்சிக்காக ரகத்துக்கு ஒன்று என்று எடுத்து வைக்கவும் அதில் வழி சொல்லப்படவில்லை.

பழைய வண்டிகள் மீது இந்த அரசுக்கு அக்கறையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2021-ல் இதே அமைச்சகம் பாரம்பரிய வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வருடங்களைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் மட்டும்.

இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். ஜமீன்தாரின் காருக்கு 50 வயதில் மரியாதை. நகராட்சி வண்டிக்கு 15 வயதில் மரணம். 50-ஐத் தொட நடுவில் இன்னும் 35 வருடங்கள் பாக்கி இருக்கும்போது அது இரும்புத் துண்டாகி உருக்காலைக்குப் போயிருக்கும். இந்தச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் நிஜாம் ரயில்வேயின் ஜான் மோரிஸ் எஞ்சினின் ஆயுள் 1929-ல் முடிந்திருக்கும்.

இன்னொரு ஓரவஞ்சனையும் இருக்கிறது. அதை அரசாங்கத்தின் தலையில் மட்டும் போட முடியாது. தீயணைப்பு எஞ்சினுக்காவது ரசிகர்கள் உண்டு. சிவப்பு நிறம், மணி, வீரம். குப்பை வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? 1860-களில் கல்கத்தா மாநகராட்சி, குப்பையை ஊருக்குக் கிழக்கே தாபா சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோகவென்றே சொந்தமாக ரயில் தடம் போட்டது. பம்பாயில் குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-ல் தடம் போட்டபோது அதில் போய்க்கொண்டிருந்ததும் நகரத்தின் குப்பைதான். பயணிகளுக்கு அதைத் திறந்துவிட்டது 1924-ல். இன்று லட்சக்கணக்கானோர், அவர்களில் செம்பூர்த் தமிழர்களும் ஏராளம், நெருக்கியடித்துப் போகும் ஹார்பர் லைனின் ஒரு பகுதி குப்பை ரயிலின் வழி என்பது பலருக்குத் தெரியாது. நகரம் வளர்ந்ததற்கு ராஜாக்களின் சலூன் பெட்டிகளைவிட அந்தக் குப்பை வேகன்கள் செய்தது அதிகம். ஆனால் தில்லியில் மெருகு போட்டு நிறுத்தியிருப்பது சலூன் பெட்டிகளை.

மல வண்டி இன்னும் மோசம். மாடு இழுத்தது, மனிதர் தள்ளியது, பிறகு டிராக்டரில் கோத்தது என்று நாட்டின் பெரும்பாலான நகராட்சிகளில் அது ஒரு முழு நூற்றாண்டு ஓடியிருக்கிறது. மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடை செய்ய 1993-ல் ஒரு சட்டமும் அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. அந்த வண்டியைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும் என்பதால் யாரும் எடுத்து வைப்பதில்லை. வெட்கப்பட வேண்டியது வண்டியா? எந்தச் சாதியார் அதைத் தள்ளினார்கள், எத்தனை மணிக்கு எந்தச் சந்து வழியாக வரச் சொன்னார்கள், வாளியின் எடை தோளில் எப்படி இறங்கியது என்பதையெல்லாம் ஒரு தகர வண்டி நாலு புத்தகங்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். தீயணைப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் அருங்காட்சியகத்தின் அழகு கெடும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கெடட்டும்.

செலவு ஒரு தடையே அல்ல. எல்லா வண்டியையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு மாநகராட்சி, ஒரு ரகத்துக்கு ஒன்று என்று எடுத்து, டீசலை வடித்துவிட்டு, பாட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு கொட்டகையில் நிறுத்த ஆகும் செலவு அதன் ஒரு நாள் டீசல் செலவுக்குப் பெரிதாக மேலே போகாது. ஓட வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேண்டியது, எந்த வார்டில் ஓடியது, யார் ஓட்டினார், எந்தத் தீக்குப் போனது என்ற பதிவேட்டையும் வண்டியோடு சேர்த்து வைப்பது. ஏலத்துக்குப் போகும் வண்டியின் லாக் புத்தகம் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேருவது வழக்கம். அதன்பின் வண்டி கிடைத்தாலும் அதன் கதை கிடைக்காது.

நேரம் அதிகம் இல்லை. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதற்குமுன் இந்தியாவில் விபத்தில் அடிபட்டவர் பெரும்பாலும் ஆட்டோவிலோ லாரியிலோதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மூன்று இலக்க எண் மாநிலம் மாநிலமாகப் பரவி நாட்டின் பழக்கத்தையே மாற்றியது. தொடக்க நாளில் ஓடிய வேன்களுக்கு 2020-லேயே 15 முடிந்துவிட்டது.

2008 நவம்பர் 26 அன்று இரவு மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருக்கும்போதே, மாநகராட்சியின் தீயணைப்பு வண்டிகள் வாசலில் வந்து நின்றன. மேல்தளங்கள் எரிந்தன. வீரர்கள் ஏணிகளை ஜன்னல்களுக்கு நீட்டி, உள்ளே சிக்கியிருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கினார்கள். அந்த ஏணிகளில் மனிதர்கள் இறங்கும் படங்கள் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தன. அன்று அங்கே நின்ற வண்டிகளில் ஆகப் புதியதற்கும் 2023 நவம்பரோடு 15 வயது முடிந்துவிட்டது.